மோட்டார் வண்டியின் பின் தடைகளை இல்லத்திலேயே புதுப்பித்தல்

மோட்டார் வண்டி வாங்கப் புகுவோர் அதன் எஞ்சினின் வலிமை யாது, அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் விரைவில் ஓடும், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எவ்வளவு தொலைவு செல்லும் என்பனவற்றையே முதற்கண் வினவுகின்றனர். அவ்விரைவை அடக்கும் கருவி எங்ஙனம் அமைந்துள்ளது என்று வினவுவோர் மிகச் சிலர். எஞ்சின் பழுதுற்றால் வண்டி வழியிடையே நின்றுவிடும். அதனால் விளைவது பெரும்பாலும் காலத்தாழ்வே. தடை பழுதுற்றாலோ வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது. அதனால் விளைவது உயிர்ச்சேதம். ஆதலின் வண்டியின் உறுப்புக்கள் எல்லாவற்றுள்ளும் முதலிடம் பெறத்தக்கது, உலக வழக்கிற் 'பிரேக்' என்று சொல்லப்படும் தடையே யாகும்.

இத்தடையின் தேய்ந்த உறுப்புக்களை மாற்றுதல் பட்டறைத் தொழிலாளர்க்கே உரிய மறைபொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. பொறுமையும், ஒழுங்கும், சில கருவிகளும், சமதளமான சிறிதிடமும் உடைய எவரும் அரைநாட் பொழுதில் அதனைத் தம் வீட்டிலேயே செய்து முடிக்கலாம். அங்ஙனமாயின் அஃது எளிய வேலையோ எனின், அதுவும் அன்று. அரிய செயல் என்று சொல்லத்தக்கது இதன்கண் ஒன்றும் இல்லை. ஆனால் மறக்கலாகாத சிறு செயல்கள் பல உண்டு. அவை ஒவ்வொன்றிற்கும் ஒரு காரணம் உண்டு. செயல்களின் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவன் அவற்றுள் ஒன்றை என்றேனும் விட்டுவிடுவான். காரணம் அறிந்தவன் விடமாட்டான். ஆகவே செய்முறையோடு காரணத்தையும் இணைத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடையின் அமைப்பு

தேர்த்திருவிழாவிற் பெருந்தேரின் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுவோரை நாம் கண்டிருக்கின்றோம். கட்டை சக்கரத்தோடு உராய்கின்றது. தேர் தன் விரைவை இழக்கின்றது. கட்டையோ தேய்ந்து வடுப்படுகின்றது. மோட்டார் வண்டியின் தடையும் இதனை ஒத்ததே. சக்கரத்தோடு உடன் சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதனை டிஸ்க் என்பர். அதன் இருமருங்கும் உராய்வுக் கட்டைகள் இரண்டு நிற்கும். அவற்றைப் பேட் என்பர். இவ்விரண்டையும் தழுவி நிற்கும் உலோகக் கைபோன்ற உறுப்புக் காலிப்பர் எனப்படும். ஓட்டுவோன் பெடலை மிதித்தவழி, காலிப்பரினுள் உள்ள பிஸ்டன் வெளிப்போந்து உட்புறத்துப் பேட்டினை டிஸ்க்கின்மேல் அழுத்தும். அவ்வழுத்தத்தின் எதிர்விசையாற் காலிப்பர் முழுவதும் தன் வழுக்கு ஊசிகளின்மேல் நகர்ந்து, வெளிப்புறத்துப் பேட்டினையும் மறுபக்கத்தில் அழுத்தும். ஒரு பிஸ்டன் இரண்டு பேட்களுக்கும் பணிசெய்யும் திறம் இதுவே.

இவ்வமைப்பு நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்து தேயத்துப் பொறிவல்லுநராகிய பிரெடெரிக் லாஞ்செஸ்டர் என்பார் 1902-ஆம் ஆண்டிலேயே டிஸ்க் தடைக்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் அக்காலத்து உலோகங்களும் சாலைகளும் அதற்கு இடந்தரவில்லை. 1953-ஆம் ஆண்டில், பிரான்சு தேயத்து லெ மான் நகரில் நிகழ்ந்த 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் தடை பூண்ட ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றபின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. 1955-இல் வெளிவந்த சித்ரோவன் டி.எஸ். என்னும் வண்டி அதனை முன்புறத்திற் கொண்டிருந்தது. பின்னர் அது படிப்படியாக எங்கும் பரவியது.

வெப்பமும் அழுத்தமும்

பௌதிகம் பயிலும் மாணவர், ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகின்றது என்று படித்திருப்பர். அவ்வுண்மையை ஈண்டுக் கணக்கிட்டுக் காண்போம். 1200 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில், அஃதாவது விநாடிக்கு 20 மீட்டர் விரைவில் ஓடுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2,40,000 ஜூல். அதனை நிறுத்துங்கால் இவ்வாற்றலின் பெரும்பகுதி டிஸ்க்குகளிலும் பேட்களிலும் வெப்பமாக மாறுகின்றது. 30 பாகை வெப்பமுள்ள நீரில் ஏறக்குறைய 800 கிராமைக் கொதிநிலைக்குக் கொணர அவ்வெப்பம் போதும். அடுப்பின்மேற் பல நிமிடம் வைத்தாலன்றிக் கொதியாத நீரை, வண்டி நான்கைந்து விநாடியிற் கொதிக்கச் செய்கின்றது என்றால் தடையின் பாரம் எத்தகையது என்பது விளங்கும். விரைவு இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

மலைப்பாதையிலோ இப்பாரம் பன்மடங்கு பெருகும். 70 கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலைச் சாலையில் ஒரு வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொண்டால், அது விடுக்கும் ஆற்றல் மேற்கூறிய நிறுத்தத்தைப்போல் 49 மடங்காகும். இதனாலேயே அத்தகைய இறக்கங்களில் தாழ்ந்த கியரில் இறங்கி, எஞ்சினின் தடுப்பைப் பயன்படுத்துமாறு அறிந்தோர் கூறுவர். வெப்பம் மிக்கவழிப் பேட்களின் பற்றுக் குன்றும். தேய்ந்து மெலிந்த டிஸ்க் வெப்பத்தை ஏற்கும் அளவிலும் குறைந்து நிற்கும். தேய்ந்த உறுப்பைக் காலத்தில் மாற்ற வேண்டுவதன் முதற்காரணம் இதுவே.

இனி, மெலிய காலின் மிதி இத்துணை வலிய பிடியாக மாறுவது எங்ஙனம்? 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சுப் பேரறிஞர் பாஸ்கல் கண்ட விதியே அதற்கு விடை. அடைபட்ட திரவத்தின் ஒருபாற் செலுத்திய அழுத்தம் குறையாது எங்கும் பரவும். மிதிக்கும் பக்கத்துப் பிஸ்டன் 20 மில்லிமீட்டர் விட்டமும், காலிப்பரின் பிஸ்டன் 36 மில்லிமீட்டர் விட்டமும் உடையனவாயின், பரப்பின் பெருக்கத்தால் விசை ஏறத்தாழ மூன்றேகால் மடங்காகும். பெடலின் நெம்புகோல் அமைப்பும், எஞ்சினால் இயங்கும் துணைக்கருவியும் அதனை மேலும் பெருக்கும். திரவம் இவ்வாறு பணிசெய்வது அது அமுங்காமையால். அதனுட் காற்றுக் குமிழி புகுந்தால் அக்குமிழி அமுங்கும், மிதி வீணாகும். ஆதலின் இவ்வேலையில் திரவக் குழாயின் இணைப்பை எவ்விடத்தும் அவிழ்த்தலாகாது. குழாயைத் திறவாதவழிக் காற்றைப் போக்கும் வேலையும் இல்லை.

பின் சக்கரத்தின் தனி இயல்பு

வண்டியை நிறுத்துங்கால் அதன் பாரம் முன்னோக்கிச் சாய்தலின் முன் தடைகளே பெரும்பங்கு உழைக்கின்றன. பின் தடைகளின் டிஸ்க்குகள் பெரும்பாலும் சிறியனவும் மெல்லியனவுமாக இருத்தல் இது பற்றியே. எனினும் பின் தடைக்கு முன் தடைக்கு இல்லாத மற்றொரு பணி உண்டு. நின்ற வண்டி உருளாமற் காக்கும் ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளிற் பின் சக்கரத்தையே பற்றும். அதன் அமைப்பு மூவகைப்படும். காலிப்பரின் பிஸ்டனையே கம்பிவடத்தால் இயங்கும் திருகு ஒன்று தள்ளுவது முதல் வகை. டிஸ்க்கின் நடுக்குழிவினுட் சிறிய டிரம் தடை ஒன்று தனியே அமைந்திருப்பது இரண்டாம் வகை. சிறு மின்மோட்டார் பிஸ்டனைத் தள்ளுவது மூன்றாம் வகை. தம் வண்டி எவ்வகையைச் சார்ந்தது என்பதை அதன் கைந்நூலைப் பார்த்துத் தெளிந்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். முன் தடையிற் பழகியவரும் பின் தடையில் இடர்ப்படுவது இவ்வேறுபாட்டை அறியாமையாலேயாம். பின் சக்கரங்களில் டிஸ்க்கின்றி டிரம் மட்டுமே உடைய வண்டிகள் பலவுண்டு. அவற்றின் முறை வேறு. முதல் வகை டிஸ்க் தடையையே ஈண்டு முதன்மையாகக் கொள்கின்றோம்.

மாற்றுங்காலம்

புதிய பேட்டில் உராய்வுப் பொருள் பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது தேய்ந்து 3 மில்லிமீட்டர் அளவை எட்டியபொழுதே மாற்றுதல் நலம். பேட்கள் சிலவற்றில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று வைத்திருப்பர். பேட் தேய்ந்தவுடன் அந்நாக்கு டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று ஒலிக்கும். அவ்வொலி எச்சரிக்கையே. அதனைப் பொருட்படுத்தாது ஓட்டினால், பின்பு இரும்போடு இரும்பு அறையும் ஒலி கேட்கும்; அந்நிலையில் டிஸ்க்கும் பாழாகும். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ அது குறையத்தக்க கடைசிக் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பர். நுண்ணளவி கொண்டு பல இடங்களில் அளந்து, அவ்வெல்லையை அது நெருங்கியிருந்தாலும், ஆழ்ந்த வரிகளோ வெடிப்போ கண்டாலும், டிஸ்க்கையும் மாற்றுதல் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுதல் தகாது. இருபக்கத்துப் பிடியும் ஒவ்வாதாயின் வண்டி ஒருபாற் சாயும். ஆகவே இடமும் வலமும் ஒருங்கே மாற்றுக.

கருவிகள்

வேண்டிய கருவிகள் பலவல்ல. ஜாக்கி, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டைகள், சக்கர நட்டுக்களுக்குரிய ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் தொகுதி, பிஸ்டனைச் சுழற்றி உட்செலுத்தும் கருவி, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச், கம்பித் தூரிகை, பிரேக் கிளீனர் என்னும் கழுவுதிரவம், உயர்ந்த வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ், சிறிது கட்டுக்கம்பி, கையுறை, முகமூடி ஆகிய இவையே. இவற்றுள் ஸ்டாண்டும் பிஸ்டன் சுழற்றியும் இல்லையேல் வேலையைத் தொடங்காதிருத்தலே அறிவுடைமை.

வண்டியை உயர்த்துதல்

கெட்டியான சமதளத்தில் வண்டியை நிறுத்துக. வேலை பின் தடையில் ஆதலின் ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியே வைத்தல் வேண்டும். பூட்டியிருந்தாற் பேட்கள் டிஸ்க்கைப் பற்றிக்கொண்டு கழலமாட்டா. ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டியை உருளாமற் காப்பது முட்டுக்கட்டையே. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அதனை இறுக இட்டு, வண்டியை முதற் கியரில் வைத்திடுக. தானியங்கிக் கியராயின் 'பார்க்' நிலையில் வைத்திடுக. சக்கர நட்டுக்களைச் சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்பொழுதே காற்சுற்றுத் தளர்த்திக்கொள்க. உயர்த்திய பின்னர் அவற்றை வலிந்து திருகினால் சக்கரம் சுழலுவதோடு, வண்டியும் ஜாக்கியினின்று நழுவக்கூடும்.

கைந்நூல் காட்டும் இடத்தில் ஜாக்கியை ஊன்றி உயர்த்தி, உடனே ஸ்டாண்டின்மேல் வண்டியை அமர்த்துக. ஜாக்கி உயர்த்துதற்கு ஏற்பட்டது; தாங்குதற்கு ஏற்பட்டதன்று. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின்கீழ்த் தலையையோ கையையோ நீட்டுதல் உயிரைப் பணயம் வைத்தலாகும். அமர்த்திய பின் வண்டியைக் கையால் அசைத்து, அது உறுதியாக நிற்கின்றதா என்று காண்க.

எஞ்சினறையைத் திறந்து திரவக் கலத்தையும் நோக்குக. பேட்கள் தேயத் தேயப் பிஸ்டன்கள் வெளிவந்து நிற்பதால், கலத்தின் திரவம் காலிப்பருட் சென்று மட்டம் தாழ்ந்திருக்கும். இடையில் யாரேனும் அதனை நிரப்பியிருந்தால், பிஸ்டனை உட்செலுத்தும்பொழுது திரவம் பொங்கி வழியும். வழிந்த இடத்து வண்ணப்பூச்சை அது அரித்துவிடும். ஆதலின் கலம் நிறைந்திருப்பின் சிறிது எடுத்துவிடுக. சிந்தினால் உடனே நீர்விட்டுக் கழுவுக.

கழற்றுதல்

ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தையே கழற்றுக. எந்த வில் எங்கே இருந்தது, எந்தப் பேட் உட்புறத்தது என்ற ஐயம் எழுந்தால், கழற்றாத மறுபக்கம் கண்முன் விடையாக நிற்கும்.

சக்கரத்தை எடுத்தபின், காலிப்பரைப் பிணைக்கும் போல்ட்டுக்கள் இரண்டினைக் கழற்றுக. அவற்றோடு வழுக்கு ஊசியும் சுழலுமாயின் மற்றொரு ஸ்பேனரால் ஊசியைப் பிடித்துக்கொள்க. விடுபட்ட காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயிலே தொங்கவிடுதல் பெரும் பிழை. குழாயின் உள்ளே நேரும் முறிவு வெளியிற் புலப்படாது. ஆனால் ஒருநாள் அக்குழாய் உயிரைக் காக்க வேண்டிய வேளையிற் கைவிடும். ஆகவே கட்டுக்கம்பியாற் காலிப்பரை மேலேயுள்ள சுருள்வில்லிற் கட்டிவைத்திடுக. பின்னர்ப் பழைய பேட்களை எடுத்து, அவை ஒரே அளவில் தேய்ந்துள்ளனவா என்று நோக்குக. ஒன்று மிகத் தேய்ந்து மற்றது தேயாதிருப்பின், வழுக்கு ஊசிகளோ பிஸ்டனோ இறுகிக் கிடப்பது அதற்குக் காரணமாகும். அக்காரணத்தை நீக்காது புதிய பேட் இடுவோன், விரைவில் மீண்டும் இதே வேலையைச் செய்வான்.

அடுத்துக் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் பெரிய போல்ட்டுக்கள் இரண்டினைக் கழற்றுக. இவை மிக இறுகியிருக்கும்; நீண்ட பிடியுள்ள ஸ்பேனர் வேண்டும். பிராக்கெட் நீங்கிய பின் டிஸ்க்கைச் சிறு திருகாணி ஒன்று பிடித்திருப்பின் அதனையும் நீக்குக. துருவாற் பற்றியிருக்கும் டிஸ்க்கை, மரச்சுத்தியால் இடம்மாற்றி இடம்மாற்றித் தட்டினாற் கழன்றுவிடும். டிஸ்க்குகள் பலவற்றில் மரையிட்ட துளைகள் இரண்டு இருக்கும். அவற்றிற் பொருந்தும் போல்ட்டுக்களை மாறிமாறி முறுக்கினால் டிஸ்க் தானே வெளிவரும். நடுக்குழிவில் டிரம் தடையுள்ள இரண்டாம் வகையில், உள்ளேயுள்ள சரிசெய் திருகைத் தளர்த்தினாலன்றி டிஸ்க் வாராது.

துப்புரவு

வேலை முழுவதிலும் காலம் செலவிடத்தக்க பகுதி இதுவே. மாட்டுவண்டிச் சக்கரத்திற் குடம் என்று சொல்லப்படும் உறுப்புக்கு ஒப்பானது மோட்டார் வண்டியின் ஹப். டிஸ்க் அதன் முகத்திலேயே பதிந்து நிற்கும். அம்முகத்தில் துருவின் சிறு படலம் இருந்தாலும் டிஸ்க் நேரே அமராது சிறிது கோணி நிற்கும். டிஸ்க்கின் விளிம்பு அசையலாகும் அளவு பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கினும் குறைவே. கோணிய டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்திற் பேட்டோடு உரசி, அவ்விடத்தில் மட்டும் தேய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரிற் பெடலில் நடுக்கத்தை உண்டாக்கும். புதிய டிஸ்க் கெட்டது என்று கடைக்காரரைப் பழிப்போர் பலர். உண்மைப் பழி ஹப்பின் துருவைச் சாரும். ஆதலின் கம்பித் தூரிகையால் உலோகம் ஒளிரும்வரை அம்முகத்தைத் தேய்த்திடுக.

தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ போக்கலாகாது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உராய்வுப் பொருளிற் கல்நார் கலந்து செய்தனர். அதன் நுண்ணிழை நுரையீரலிற் புகுந்து, பல்லாண்டு கழித்துப் புற்றுநோயை விளைவிக்கும் என்று அறிந்தபின் நாடுகள் பல அதனை விலக்கின; இங்கிலாந்து 1999-இல் விலக்கியது. கல்நார் இல்லாத பேட்டின் தூசியும் நுகரத்தக்கதன்று. கழுவுதிரவத்தால் ஈரமாக்கித் துடைத்தலே முறை.

புதிய டிஸ்க் துருவேறாதிருக்க எண்ணெய்ப் படலம் பூசப்பெற்று வரும். அப்படலம் பேட்டில் ஊறினால் பேட் பயனற்றுப்போம். ஆகவே டிஸ்க்கின் இருமுகங்களையும் கழுவுதிரவத்தால் நன்கு துடைத்து, அதன்பின் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து மாட்டுக.

பிஸ்டனை உட்செலுத்துதல்

புதிய பேட்களும் டிஸ்க்கும் கனம் மிக்கன ஆதலின், வெளிவந்து நிற்கும் பிஸ்டனை உள்ளே செலுத்தினாலன்றிக் காலிப்பர் பொருந்தாது. முன் தடையிற் பிஸ்டனை நேரே அழுத்தினாற் போதும். பின் தடையின் முதல் வகையிலோ பிஸ்டன் உள்ளே ஒரு திருகின்மேல் அமர்ந்துள்ளது. அதனை அழுத்திக்கொண்டே சுழற்றுதல் வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழியே முறை. சில வண்டிகளில் ஒரு பக்கத்திற்கு இடஞ்சுழி உண்டு. இதனை அறியாது பெரிய பிடிகருவியால் நெரிப்போர் உள்ளிருக்கும் திருகைக் கெடுத்து, முழுக் காலிப்பரையும் விலைகொடுத்து வாங்குவர். சுழற்றும்பொழுது பிஸ்டனைச் சூழ்ந்த ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமற் பார்த்துக்கொள்க. பிஸ்டனின் முகத்திலுள்ள பள்ளம், உட்புறத்துப் பேட்டின் முதுகிலுள்ள சிறு முளையோடு பொருந்துமாறு நிறுத்துதலும் வேண்டும். பொருந்தாவிடிற் பேட் சாய்ந்து தேயும்.

மின்மோட்டாரால் இயங்கும் மூன்றாம் வகையில், அம்மோட்டாரைக் கைந்நூல் கூறும் முறைப்படி பின்வாங்கச் செய்த பின்னரே பிஸ்டனைத் தொடுதல் வேண்டும். அதற்குரிய கருவி இல்லாதார் இதனைப் பட்டறைக்கே விடுக.

பூட்டுதல்

பிராக்கெட்டை மாட்டி, அதன் போல்ட்டுக்களைக் கைந்நூல் கூறும் அளவிற்கு டார்க் ரெஞ்சால் முறுக்குக. பேட்களின் காதுகள் அமரும் இடத்துத் துருவை நீக்கிப் புதிய வில்தகடுகளை இடுக. வழுக்கு ஊசிகளைத் துடைத்துப் பிரேக் கிரீஸ் பூசி, அவை விரலாலேயே தள்ளத் தள்ள வழுக்குகின்றனவா என்று காண்க. பேட்களின் காதிலும் முதுகிலும் சிறிதளவு பூசலாம். டிஸ்க்கைத் தொடும் முகத்தில் ஒரு துளியும் படலாகாது. பின்னர்ப் பேட்களையும் காலிப்பரையும் பொருத்தி முறுக்குக. ரப்பர்க் குழாய் திருகிக்கொள்ளாமல் இயல்பாக வளைந்து நிற்றல் வேண்டும்.

சக்கரத்தை மாட்டி, நட்டுக்களை ஒன்றுக்கு எதிரானதை அடுத்து முறுக்கும் குறுக்கு முறையில் இறுக்கி, வண்டி தரையில் இறங்கிய பின் முடிவான அளவிற்கு முறுக்குக. சிறிய வண்டிகள் பலவற்றிற்கு இவ்வளவு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியதாக இருக்கும். தம் வண்டிக்குரியதைக் கைந்நூலிற் காண்க. வலிமை உள்ளமட்டும் முறுக்குதல் நன்மையன்று. ஒவ்வாத முறுக்கு டிஸ்க்கைக் கோணச் செய்யும். இவ்வாறே மறுபக்கத்தையும் முடித்திடுக.

மறக்கவே கூடாத செயல்

இதுவரை கூறியவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாற் பெரும்பாலும் அதன் தீமை சிறிது காலம் கழித்து வரும். இனிக் கூறுவதைத் தவறவிட்டாலோ அத்தீமை அடுத்த நிமிடமே வரும். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டுள்ளன. அவற்றிற்கும் பேட்களுக்கும் இடையே வெளி இருக்கின்றது. இந்நிலையில் முதன்முறை மிதிக்கும் பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை செல்லும். தடை சிறிதும் பற்றாது. வேலை முடிந்த மகிழ்ச்சியில் எஞ்சினை முடுக்கிக் கொட்டகையினின்று வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவோன், மிதித்தும் நில்லாத வண்டியில் அமர்ந்திருப்பான். பின்னே விளையாடும் குழந்தை அவன் குழந்தையாகவே இருக்கலாம்.

ஆகவே வண்டியை ஓரடியும் நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மெல்ல மிதித்திடுக. சில மிதிகளில் திரவம் பிஸ்டன்களை முன்தள்ளிப் பேட்களை டிஸ்க்கோடு சேர்க்கும். பெடல் உயர்ந்து உறுதியாகும். உறுதியான பின்னர் ஹேண்ட் பிரேக்கைப் பலமுறை இழுத்து விடுக; அதன் பிடி சரியாக உள்ளதா என்று நோக்குக. திரவக் கலத்தின் மட்டத்தைக் கண்டு, குறைவாயின் மூடியிற் குறித்த வகையையே ஊற்றுக. இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்கும்பொழுது 230 பாகைக்குக் குறையாத கொதிநிலை உடையது. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த கீழெல்லை 155 பாகையே. திறந்து நெடுநாள் வைத்த புட்டியை விலக்குக. பல ஆண்டு பழகிய திரவம் கலத்தில் இருப்பின், அதனைப் பட்டறையில் மாற்றிக்கொள்க.

பழக்குதல்

புதிய பேட்டும் புதிய டிஸ்க்கும் தொடக்கத்திலேயே முற்றும் பொருந்தா. பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின்மேல் ஒரே சீராகப் படிந்த பின்னரே பிடி முழுமையுறும். ஆளில்லாத நேரிய சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவினின்று 10 கிலோமீட்டர் வரை, முற்றும் நிறுத்தாது மிதமாக மிதித்துக் குறைப்பதைப் பத்து முறை செய்க. இடையிடையே சிறிது தூரம் மிதியாமல் ஓட்டி, டிஸ்க் ஆறவிடுக. சூடேறிய நிலையில் வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே இருத்தலாகாது. பேட் பதிந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துப் பின்னர் நடுக்கம் தோன்றும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர்வரை, இடர் நேர்ந்தாலன்றிக் கடுமையாக மிதியாமல் ஓட்டுதல் நலம். முதல் ஓட்டம் முடிந்ததும் சக்கர நட்டுக்களை மீண்டும் ஒருமுறை சோதித்துக்கொள்க.

பழைய டிஸ்க்குகள் வார்ப்பிரும்பு ஆதலாற் பழைய இரும்பு கொள்வோரிடம் கொடுத்துவிடலாம். கழித்த திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாது, மூடிய கலத்திற் பட்டறையிற் சேர்ப்பித்தல் கடமை.

எல்லையறிதல்

எல்லாவற்றையும் இல்லத்திலேயே செய்துவிடலாம் என்று எண்ணுதலும் தவறாகும். பிஸ்டனைச் சூழத் திரவக் கசிவு காணப்பட்டாலும், ரப்பர்க் குழாயில் வெடிப்போ வீக்கமோ தோன்றினாலும், பிஸ்டன் சுழலாது இறுகி நின்றாலும், வேலை முடிந்தபின் பெடல் மெத்தென்று தாழ்ந்தாலும், எச்சரிக்கை விளக்கு அணையாது எரிந்தாலும், வண்டியை ஓட்டாது தேர்ந்த தொழிலாளரை அழைத்தல் வேண்டும். எவ்விடத்தில் தன் அறிவு முடிகின்றது என்று அறிதலும் கைத்தொழிலின் ஒரு பகுதியே. அதில் இழிவு ஒன்றும் இல்லை.

கையில் எண்ணெய்க் கறை படுவதை நூலறிவுடையார் நாணுதல் வேண்டா. பாஸ்கலின் விதியைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுதல் ஒன்று. அவ்விதி தன் கால்மிதியின்கீழ் நின்று பணிசெய்வதை உணர்தல் மற்றொன்று. அங்ஙனம் உணர்ந்தவன் தேய்ந்த பேட்டின் கீச்சொலியைக் கேட்டும் கேளாதவன்போல் ஓட்டமாட்டான்; பிறர் பழுதுபார்த்துத் தந்த வண்டியையும் பெடலை ஒருமுறை மிதித்துப் பாராமல் நகர்த்தமாட்டான். சாலையிற் செல்வோர் நம்மை அறியார். நம் வண்டியின் தடையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் அவர்க்கு இல்லை. அது பழுதின்றி இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றனாலேயே அவர்கள் நம்முன் சாலையைக் கடக்கின்றனர். அந்நம்பிக்கைக்கு உரியவராய் இருத்தல் வண்டியோட்டும் ஒவ்வொருவர்க்கும் கடனாகும்.